மூன்று கேன் பாசம்

உடன்பிறந்தோர் பாசம் என்று ஒன்று உண்டா என ஐயுறுபவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். எங்களிடம் அது எழுத்துப்பூர்வமாகவே இருக்கிறது.

அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டதாக மருத்துவர் அறிவித்த அன்றே, சகோதரர்கள் மூவரும் அவசரக் கூட்டம் கூட்டினோம். தலைமை, இன்சூரன்ஸ் முகவரான அண்ணன். முன்னிலை, உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் தம்பி. குடியிருப்போர் சங்கச் செயலாளராக ஆறு ஆண்டுகள் பழுத்த நான் குறிப்பெடுத்தேன். "அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் வழங்க மூவரும் முந்துவது" என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"நீதான்டா உடம்ப வளத்து வெச்சிருக்க. நீ முந்து" என்றார் அண்ணன்.

"மூத்தவர் இருக்கும்போது நான் முந்தினா மரியாதையாண்ணே?" என்றான் தம்பி.

மரியாதை தெரிந்த குடும்பம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

ஆகவே மூவருமே பரிசோதனைக்குப் போனோம். முதலில் ரத்தம். அதை நர்ஸே குத்தி எடுத்துக்கொண்டுவிட்டதால் எங்கள் 'பங்களிப்பு'க்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்து சிறுநீருக்கு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கேன்.

"காலையில எழுந்ததும் முதல் தடவை போறத விட்டுடுங்க" என்றார் ஆய்வகத்து அம்மாள். "அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு விடாம இதுல பிடிக்கணும். கிரியேட்டினின்னு ஒரு கழிவு இருக்கு. அதைக் கிட்னி எவ்வளவு வெளியே தள்ளுதுன்னு பாக்கணும்."

"தள்ளலைன்னா?" என்றேன், விஞ்ஞான ஆர்வத்தால்.

"கிட்னி சரியில்லைன்னு அர்த்தம். அப்புறம் எப்படி சார் தானம் குடுப்பீங்க?"

அந்த அம்மாளுக்குத்தான் என்ன தெளிவு! எனக்கும் அப்போதே தெளிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சிந்தித்தேன். அக்காமேல் எனக்குள்ள பாசம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. நான் கணக்கில் கோட்டைவிட்டபோதெல்லாம் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் காப்பாற்றியவள் அவள். சிறுநீரகத்தைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் கொடுப்பேன். அதையும் அவள் கேட்கவில்லை, நாங்கள்தான் தீர்மானம் போட்டோம் என்பது வேறு விஷயம்.

குழாயைத் திறந்தேன். கேன் நிரம்பியது. நிறத்துக்கு ஒரு மடக்கு தேயிலைச் சாறு. சங்கத்தில் இருந்தவனுக்கு ஆவணம் தயாரிப்பது புதிதா என்ன?

மூன்றாம் நாள் மூவரையும் அழைத்தார்கள். டயாலிசிஸ் அறைக்கு வெளியே ஒரு மேசை. அதன்மேல் மூன்று கேன்கள். திறந்திருந்த கதவுக்கு நேரே, கையில் குழாய்களோடு சாய்ந்திருந்தாள் அக்கா.

"ரத்தத்துல மூணு பேருக்கும் கிட்னி பிரமாதம்" என்றார் ஆய்வகத்து அம்மாள். "இதுல கிரியேட்டினின் பூஜ்யம். மூணுலயும் பூஜ்யம். மூணுலயும் டீத்தண்ணி. அண்ணன் தம்பிங்கன்னு யாரும் சொல்லவே வேணாம் சார்."

கலந்து பேசாமலேயே மூவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தோம். இப்படியொரு ஒற்றுமையை என் சங்கத்தில் ஆறு ஆண்டுகளில் ஒருநாளும் கண்டதில்லை.

அண்ணன் கூரையை ஆராய்ந்தார். தம்பி தன் புஜத்தைத் தடவிக்கொண்டான்.

அக்கா கையசைத்துக் கூப்பிட்டாள். என்னைத்தான். போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்து, "ஆய்வகத்தில் ஏதோ குளறுபடி" என்று ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"அந்த கேன் எவ்வளவுடா பிடிக்கும்?" என்றாள்.

"ரெண்டு லிட்டர்க்கா."

காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான்டா குடிக்க விடுறாங்க. என் நாலு நாள் தண்ணியடா அது."