பல் டாக்டர் பவளத்தைப் படமெடுத்தார்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு வேலையும் செய்வதில்லை என்று பல் டாக்டர் உறுதி எடுத்துக்கொண்டார். சாதாரண உறுதி இல்லை. கடைவாய்ப் பல் மாதிரி வேர்விட்ட உறுதி.

அன்று சாயங்காலம் அவர் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. மச்சான் வருகிறார் என்றால் ஹாலையே புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். போன தடவை சோபாவை இழுத்ததில் டாக்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஒரு வாரம், குனிய முடியாமல், நோயாளிகளை நிற்கவைத்தே பல் பிடுங்கினார்.

இந்தத் தடவை அவரிடம் அசைக்க முடியாத ஒரு சாக்கு இருந்தது. ஹாலில் அவர் ஆசையாக வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியும் அதிலுள்ள உயிர்ப் பவளங்களும்தான் அந்தச் சாக்கு. மீன்தொட்டி வளர்ப்போர் சங்கம் பவளத்தின் குளோஸப் படத்துக்கு ஒரு போட்டி வைத்திருந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும்.

ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். அவர் மனைவி பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறவள். வயிற்றுவலி, மாமனாருக்குச் சீரியஸ், கண்ணில் பூச்சி என்று உலகத்திலுள்ள சாக்கையெல்லாம் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமலே அத்தனை பேரையும் வண்டி ஏற்றி அனுப்புகிறவள்.

"ஞாயித்துக்கிழமை நான் படம் எடுக்கணும். ஹால் பக்கம் என்னை ஒரு வேலையும் சொல்லக்கூடாது."

"தாராளமா எடுங்க."

"உங்க அண்ணன் வர்றாரேன்னு..."

"அவர் என்ன வேத்து மனுஷரா? வீடு இருக்கிறபடி இருக்கட்டும். நீங்க போட்டியைப் பாருங்க."

சண்டைக்கென்று யோசித்து வைத்திருந்த வாதமெல்லாம் வீணானதில் டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அவர் வீடியோ பார்த்துப் பாடம் படித்தார். ஷட்டர் என்றால் அவருக்குத் தெரிந்தது கிளினிக் ஷட்டர் ஒன்றுதான். இழுத்தால் கீழே வரும். கேமராவில் அதற்கு வேகம் வேறு உண்டாம். எஃப் நம்பர் பெரிதானால் உள்ளே துளை சின்னதாகுமாம். துளை சின்னதானால்தான் பவளத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து தெளிவாகத் தெரியுமாம்.

"இதை எப்படி நம்பர்ங்கிறான்? நம்பவே முடியலியே!" என்றார் டாக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். துணி மடிந்துகொண்டே இருந்தது. காது மட்டும் பாடத்தில் இருந்தது.

ஞாயிறு காலை முதல் படம் விழுந்தது. பவளம் நீலம். பாறை நீலம். மீன் நீலம்.

"மை பாட்டிலைக் கவுத்துட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

"தொட்டி விளக்கு நீலம். அதான்."

"எது வெள்ளைன்னு கேமராவுக்கு நாமதான் சொல்லிக் குடுக்கணும்னு அந்த வீடியோ ஆளு சொன்னாரே. ஒயிட் பேலன்ஸோ என்னவோ."

டாக்டர் அதைத் திருப்பினார். நீலம் விலகியது. பச்சைப் பொத்தான் பொத்தானாக, ஆரஞ்சுக் கரை கட்டிய பவள மொட்டுகள் தெரிந்தன. டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே, படத்தின் நடுவில் வேறு ஏதோ வெளிறித் தெரிந்தது.

"அது என்ன ஜந்து?"

"நம்ம ஜன்னல் திரைங்க. கண்ணாடியில விழுது. கறைகூடத் தெளிவா வந்திருக்கு பாருங்க! நல்ல கேமராதான்."

"அய்யய்யோ. என்ன பண்றது?"

"கறுப்புத் திரை ஒண்ணு துவைச்சு வெச்சிருக்கேன். அது கண்ணாடியில விழாது. ஆனா வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"போட்டின்னா சிரமம் பார்க்க முடியுமா? கொண்டா!"

டாக்டர் நாற்காலியில் ஏறிப் பழைய திரையைக் கழற்றிக் கறுப்புத் திரையை மாட்டினார். அடுத்த படத்தில் பவளத்தின் மேல் பனி பெய்திருந்தது.

"தூசி. தொட்டிக் கண்ணாடியை இப்பதானே துடைச்சேன்?" என்றார்.

மனைவி தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள், அவ்வளவுதான். டாக்டரும் பார்த்தார். இறக்கை ஒவ்வொன்றிலும் கம்பளி போர்த்தியிருந்தது. மறுபடியும் நாற்காலி. ஈரத்துணி. விசிறி பளிச்சென்றது.

இப்போது கேமராவை முக்காலியில் நிறுத்தினால், மொட்டெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாடை வீங்கியவன் முகம் மாதிரி வந்தது.

"லென்ஸ் கண்ணாடிக்கு நேரா இருக்கணும்னாரே. கோணலா வெச்சா உருவம் கெட்டுடுமாம்."

"நேரா வைக்க இந்த சோபா விட்டாத்தானே?"

"அப்போ கோணலாவே எடுத்துடுங்க. சோபாவையெல்லாம் நகர்த்தாதீங்க, இடுப்பு போயிடும்."

மனைவி தடுத்த வேலையைச் செய்யாமல் விட்டால் ஆண்மகன் என்ன ஆண்மகன்? டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சோபாவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார். அடியில் பேனா மூடிகள், ஒரு சீப்பு, நோயாளிகளுக்குக் காட்ட வைத்திருந்து கிளினிக்கில் காணாமல் போன பல்செட் ஒன்று. அது அவரைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தது. இத்தனை குப்பை பறந்தால் கண்ணாடி என்னாகும்? அவரே பெருக்கினார். அவரே துடைத்தார்.

கடைசியில் தொட்டியின் பம்ப்பை நிறுத்தினார். அலை அடங்கியது. மொட்டுகள் ஆட்டத்தை விட்டு மெதுவாக விரிந்தன.

"வாயைத் திறங்க," என்றார் டாக்டர், வழக்கமான குரலில். "இன்னும் கொஞ்சம். அப்படியே. வலிக்காது."

கிளிக்.

கணவனும் மனைவியும் தலையோடு தலை சேர்த்துக் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு மொட்டின் நடுவிலும் ஒரு துளி வாய், சுற்றிலும் கண்ணிமை மாதிரி மெல்லிய இழைகள்.

"எவ்வளவு அழகுங்க," என்றாள். அது வேஷமில்லை. டாக்டருக்கு உள்ளுக்குள் ஏதோ இனித்தது. படத்தை அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

சாயங்காலம் மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்ளே, புது வீடு மாதிரி இருக்கு!"

மச்சான் மனைவி கறுப்புத் திரையைத் தொட்டுப் பார்த்தாள், விசிறியை அண்ணாந்து பார்த்தாள், அப்புறம் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "குடுத்து வெச்சவ நீ," என்றாள் நாத்தனாரிடம்.

"நான் ஒண்ணுமே சொல்லல அண்ணி. வேண்டாம் வேண்டாம்னேன். அவரா ஆசைப்பட்டுச் செஞ்சார்."

டாக்டர் திரையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். எதிர்ச்சுவரில் சோபாவைப் பார்த்தார். சோபா அங்கேதான் இருக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எந்த இடத்தில் தன்னை வண்டி ஏற்றினாள் என்று யோசித்தார். பிடிபடவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

விருந்தாளிகள் போனபின் மனைவி சுடுதண்ணீர் ஒத்தடத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கலையை மட்டும் விட்டுடாதீங்க. சமையலறைப் பரண்மேல ஒரு சிலந்தி இருக்கு, குளோஸப்புக்கு ரொம்ப நல்லா இருக்கும். ஏணியைச் சாத்தி வெச்சிருக்கேன்."