பிட்ரேட் அண்ணனும் திறக்கக் கூடாத பட்டியலும்

எங்கள் தெருவில் பிட்ரேட் அண்ணனைக் கேட்காமல் ஒருவரும் செத்துப்போக முடியாது. கதை அளக்கிறான் என்று நினைப்பவர்கள் நாகர்கோவிலுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. சவூதியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். மற்றவர்கள் தங்கமும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் பெட்டி நிறையப் பாட்டும் கொண்டுவந்து இறக்கினார். வீட்டின் முன்னறை முழுக்கக் கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும்தான். எங்கே பாட்டுக் கேட்டாலும் நின்று, "இது எத்தன பிட்ரேட்டு?" என்பார். பாட்டை எவ்வளவு அமுக்கிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அளவாம். எண் குறைந்தால் அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், இவர் மைக்செட் ஜெபாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நூத்தி இருவத்தெட்டாலே? தாலி கெட்டுக நேரத்துல நூத்தி இருவத்தெட்டு போடுகியே, அந்தப் பிள்ள வெளங்குமா?"

தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் மாமியார் வீட்டில் ஒரு சண்டை என்றால், என் அம்மா இன்றைக்கும் ஜெபாவைத்தான் ஏசுகிறாள்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் மைக்செட் கட்டிப் பாட்டுப் போடுவது வழக்கம். எங்கள் தெரு வாத்தியார் இறந்தபோது, ஜெபாவின் பென்டிரைவ் ஒரு பக்திப் பாட்டு முடிந்த கையோடு முதலிரவுப் பாட்டுக்குத் தாவிவிட்டது. நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த வாத்தியாரம்மா அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தூக்க வந்தவர்கள் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்தார்கள். அன்றைக்குத்தான் அண்ணன் அந்த முடிவை எடுத்தார். இனி அவரவர் சாவுக்கு என்ன பாட்டு, எந்த வரிசை என்று அவரவரே சொல்லிவைக்க வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும்.

"என்னவோய், எனக்கு நாள் குறிக்கீரா?" என்று முதலில் எல்லோரும் சண்டைக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து பட்டியலை மாற்றினார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், "எனக்குப் பாட்டே வேண்டாம். எனக்க பெஞ்சாதி அழுகாளான்னு எனக்குக் கேக்கணும்" என்றார். அண்ணன் அதற்கும் ஒரு வெறும் பட்டியல் உண்டாக்கி, அவர் பெயரைப் போட்டுப் பத்திரப்படுத்தினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் போய் ஐந்து பாட்டுக் கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "மூணாவது பாட்டு வேண்டாம் மக்கா. கூட்டம் கலஞ்சிரும்" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ரெஜினாக்காவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது.

ரெஜினாக்கா அண்ணனின் மனைவி. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்த நாட்களில் ஒருநாள், அண்ணனை வெளியே அனுப்பி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பட்டியலைத் தானே போட்டார். வெளியே வந்து சொன்னார்.

"நான் போன பெறவுதான் இத நீங்க பாக்கணும். எனக்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

முடி கொட்டிப்போன அந்தத் தலையில் கைவைத்து அண்ணன் சத்தியம் செய்தார்.

கொஞ்ச நாளில் டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் குடித்திருப்பார். கோயில் கோயிலாக அலைந்திருப்பார். இவர் பாட்டுகளைப் புதுப்பிக்க இறங்கினார். "எல்லாம் அமுக்கின சரக்கு மக்கா. அவளுக்கு இதயா போடுவேன்?" என்று சொல்லி, சி.டி.க்களைத் தேடித் தேடி வாங்கி, ஒவ்வொரு பாட்டையும் துளியும் சுருக்காமல் ஏற்றினார். அக்காவுக்குக் கஞ்சி கொடுப்பார், பாட்டு ஏற்றுவார், படுக்கை மாற்றுவார், பாட்டு ஏற்றுவார். எல்லாம் முடிந்ததும், எம்.பி.3 என்று முடிகிற பழைய கோப்பு அத்தனையையும் ஒரே அமுக்கில் அழித்தார். ஆபத்துக்கென்று வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கிலும் அழித்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அழித்த பிறகு கடைக்காரரின் பட்டியலைத் திறந்தால், ஒரு பாட்டும் பாடவில்லை. விஷயம் இதுதான்: பட்டியலுக்குள் பாட்டு இருக்காது. பாட்டு எங்கே, என்ன பெயரில் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். புதுப் பாட்டுகளுக்கோ பெயரின் கடைசி எழுத்துகள் வேறு. விலாசம் தப்பிப்போய், தெருவில் அத்தனை பேருக்கும் பாட்டில்லாத சாவு என்று ஆகிவிட்டது.

மற்றவர்களின் பட்டியல்களை அண்ணன் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்திவிட்டார். மிஞ்சியது அக்காவின் பட்டியல். திறந்தால் சத்தியம் போச்சு. திறக்காவிட்டால் அன்றைக்கு மைக்செட் ஊமையாகக் கிடக்கும். அக்காவுக்கு அப்போது கஞ்சித் தண்ணியே இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்புக்கூட இல்லாமல் என் வாசலில் வந்து நின்றார்.

"மக்கா, நீ தொறந்து சரி பண்ணு. எனக்கிட்ட ஒண்ணும் சொல்லாத. நான் சொவரப் பாத்து நிக்கேன்."

"அக்காகிட்டயே கேட்டா என்னண்ணே?"

"எதுக்குன்னு கேப்பாளே! அழிச்சிட்டேன்னு எப்பிடிலே சொல்லுவேன்? போற நேரத்துல அவ மனசு வெப்ராளப்படணுமா?"

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தெருவில் பீற்றிக்கொண்டது நான்தான். வேலியில் போன ஓணானை நானே எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய, போனேன்.

அண்ணன் சொன்னபடியே சுவரைப் பார்த்து நின்றார். நான் திறந்தேன். மொத்தம் பதினோரு வரி. முதல் எட்டும் மாதா பாட்டும் பழைய சினிமாப் பாட்டுமாக இருந்தன. கடைசி எழுத்துகளை மாற்றியதும் சரியாகிவிட்டன. மிச்சம் மூன்று வரி: கடிதம் ஒன்று, கடிதம் இரண்டு, கடிதம் மூன்று. டிஸ்க்கில் அப்படி ஒரு சாமானே இல்லை.

"முடிஞ்சா?" என்று சுவரிடம் கேட்டார் அண்ணன்.

"கொஞ்சம் கெடக்குண்ணே."

மறுநாள் அவர் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து அக்காவிடம் போனேன். கடிதம் என்றதும் அக்கா சிரித்தார். சிரித்தால் வலிக்கும், இருந்தும் சிரித்தார்.

"அவரு சவூதியிலேந்து அனுப்பின கேசட்டு தம்பி. அப்பம் ஏது போனு? பேசிப் பதிஞ்சு, ஊருக்கு வாற ஆளுட்ட குடுத்து விடுவாரு. மார்த்தாண்டத்துல ஒரு கடையில குடுத்து நாந்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அவருக்குத் தெரியாது."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அது அழிஞ்சிட்டுக்கா" என்றேன்.

அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார். "அவருதான அழிச்சாரு?"

"ஆமாக்கா. தெரியாம."

"அவருட்ட சொல்லீராத. எனக்கு முந்தி அவரு போயிருவாரு" என்றவர், பீரோவின் கீழ்த்தட்டைக் காட்டினார். சேலைகளுக்கு அடியில் மூன்று கேசட் இருந்தன.

ஜெபாவிடம் பழைய கேசட் டெக் ஒன்று கிடந்தது. இரண்டு கேசட் பூசணம் பிடித்து, போட்டதும் நாடா அறுந்தது. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை என்னவென்று சொல்ல! மூன்றாவது ஓடியது. ஜெபா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"அண்ணே, பாதிக்குப் பாதி இரைச்சலு. இத போட்டா அந்தாளு என்ன உயிரோட விடமாட்டாரு."

"நீ ஏத்துலே" என்றேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார்.

ஜெபா பட்டியலைப் போட்டான். எட்டுப் பாட்டும் அத்தனை தெளிவாகக் கேட்டன. அண்ணன் சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். எட்டாவது பாட்டு முடிந்ததும் பந்தல் முழுக்கச் சர்ரென்று இரைச்சல். அண்ணன் விருட்டென்று எழுந்தார். ஜெபா பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் இளந்தாரிக் குரல் வந்தது.

"ஏட்டி ரெஜினா, நாந்தான் பேசுகேன். கேக்குதா? பிள்ள போனத நெனச்சு அழுதுட்டே கெடக்காத. கல்லறைக்குத் தூக்கிட்டுப் போவ நான் அங்க இல்லாம போயிட்டேன் பாரு. அடுத்த மாசம் லீவு தாறேன்னு சொல்லியிருக்கான். வந்திருவேன். நான் வாற வரைக்கும் தைரியமா இரி, கேட்டியா?"

அந்த லீவு கிடைக்கவில்லை. அவர் ஊருக்கு வர அதற்கப்புறம் மூன்று வருடம் ஆனது தெருவில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "வந்துட்டேன் ஏட்டி" என்றார். குரல் உடைந்து, திரும்பத் திரும்ப, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார். அவரைப் பிடித்து உட்கார வைக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

பட்டியலில் இருந்த மூன்று கடிதத்தில் மற்ற இரண்டும் எங்கே என்று அவர் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. ஆபீஸ் விட்டதும் நேராக அவர் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு பேருமாகச் சாயா போட்டுக் குடிக்கிறோம். தினமும் அங்கே என்ன வைத்திருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். ஒன்றும் இல்லை. அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து சாயா குடிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.