சங்கத்து ஐஸ் மெஷினும் டினோஜாவின் ஆராய்ச்சியும்

"உன்ர மோள் வாறபோது எங்கட ஐஸ் மெஷினை ஒருக்காப் பாத்துவிடச் சொல்லு, கொன்ஸ்ரன்ரைன்," என்றார் மீனவர் சங்கத் தலைவர் அருட்பிரகாசம்.

வீட்டுத்திட்ட வீட்டுக்குச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த கொன்ஸ்ரன்ரைனின் கை அப்படியே நின்றுவிட்டது.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. மகள் டினோஜா சிங்கப்பூரில் என்ன செய்கிறாள் என்று போன ஞாயிறு பூசை முடிந்து ஊரார் கேட்டார்கள். குவாண்டம் அல்கோரிதம் ஆராய்ச்சி என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். ஆயிரம் சாவிக்குள் பூட்டுக்கு உரியதை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாராமல் கெதியாகப் பிடிக்கிற கணக்கு வழியாம். அதற்கு இப்போதைய கொம்பியூட்டர் காணாதாம், குவாண்டம் கொம்பியூட்டர் வேண்டுமாம். போனில் கேட்டபோது நன்றாகத்தான் விளங்கியது. கோயில் வாசலில் நாலு முகத்தைக் கண்டதும் சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகுதான் எழுத்துக்கூட்டப் பழகிய மனிசனுக்கு ஒன்று மட்டும் நினைவில் நின்றது.

"அந்த மெஷினைப் பயங்கரக் குளிருக்குள்ள வைச்சிருக்கவேணுமாம். எங்கட ஐஸ் அதுக்குப் பக்கத்தில சுடுதண்ணியாம்."

"அப்ப பிள்ளைக்குக் குளிர் மெஷின் வேலை எண்டு சொல்லு!" என்றார்கள்.

தெரியாது என்று சொல்ல வெட்கம். "ஓம்" என்றுவிட்டார்.

மீள்குடியேறிய ஊருக்கு யாரோ கொடுத்த ஐஸ் மெஷின் ஒரு வருசம்கூட ஓடாமல் படுத்துக்கிடந்தது. குளிராக்கிற காஸ் அடிக்க அடிக்க எங்கேயோ ஒழுகிப்போகும். வந்த மெக்கானிக்மார் எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

"தலைவர், அவள் பெரிய மெஷின்தான் பாப்பாள்," என்று கொன்ஸ்ரன்ரைன் இப்போது நழுவப் பார்த்தார்.

"எங்கடது என்ன தீப்பெட்டியோ? உள்ளுக்கை ஒரு வள்ளத்தை விடலாம்."

"தவக்காலம் வேற. தவக்காலத்தில அவள் இரும்பு தொடமாட்டாள்."

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: ஊருக்கு உழைப்பதைவிடப் பெரிய தவம் இல்லை, டினோஜா தாராளமாக இரும்பைத் தொடலாம். பூசை முடிய ஊரே ஊர்வலமாகப் போய் மெஷினுக்குத் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னது. கொன்ஸ்ரன்ரைன் பின்வரிசையில் நின்று, தலையை நிமிர்த்தாமல் "ஆமென்" என்றார்.

கடைசி முயற்சியாக, காஸ் இல்லாமல் அவள் வந்தும் பயனில்லை என்று சொல்லிப் பார்த்தார். பின்னேரமே மன்னாரிலிருந்து புதுச் சிலிண்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியது.

"ஐஸ் லொறிக்காரனையும் இனி வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அருட்பிரகாசம். "புதன்கிழமை எல்லா வள்ளமும் கடலுக்கு. பிடிக்கிற மீன் முழுக்க உன்ர மோளை நம்பித்தான்."

வீட்டில் மனைவி திரேசம்மா அகப்பையோடு நின்றாள்.

"போய் உண்மையைச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது? என்ர பிள்ளை என்ன படிக்கிறாளெண்டு எனக்கே தெரியாதெண்டோ?"

புதன்கிழமை டினோஜா பஸ்ஸால் இறங்கினாள். கூட, சிங்கப்பூரில் அவளோடு ஒரே இடத்தில் வேலை செய்யும் உயிலங்குளத்து ஹம்சிகாவும் வந்திருந்தாள். கொன்ஸ்ரன்ரைன் மகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"உன்ர ஆராய்ச்சியை நான் ஐஸ் மெஷின் ஆக்கிப்போட்டன், மோள். வாயைத் திறந்து விளங்கப்படுத்தத் தெரியேல்லை."

டினோஜாவின் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது. தகப்பனை நினைத்துத்தான் பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"மெஷின் எங்க, அப்பா?"

சங்கத்தில் ஊரே நின்றது. டினோஜா சவுக்காரம் கேட்டாள். அதை நுரைக்கவைத்துக் குழாய் மூட்டுகளில் பூசிக்கொண்டே போனாள். மெஷினுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய ஒரு மூட்டில் நுரை குமிழி விட்டது. குறடு கேட்டாள். மூட்டைக் கழற்றி, புது வாசர் வளையம் போட்டு இறுக்கி, காஸ் அடித்து மெஷினைப் போட்டாள். வள்ளங்கள் கரைக்கு வரும்போது முதல் ஐஸ் கட்டி வெளியில் வழுக்கி விழுந்தது. அருட்பிரகாசம் அதைப் பிள்ளைபோல் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஊர் கைதட்டியது. கொன்ஸ்ரன்ரைனுக்கு மட்டும் கண்கலங்கியது. அவ்வளவு படித்த கை முழுக்கக் கிறீஸ். ஹம்சிகாவுக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஆராய்ச்சிக்காரியை நான் மெக்கானிக் ஆக்கிப்போட்டன். அங்க போய் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவளுக்கு மரியாதைக் குறைவு."

தூரத்தில் டினோஜா 'வேண்டாம், வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினாள். ஹம்சிகா அதைக் கவனிக்கவில்லை.

"என்ன அங்கிள், பகிடியோ? அந்தக் கொம்பியூட்டரின்ர குளிர் மெஷினைத் திருத்துறதுதானே அங்க இவவுக்கு வேலை! அல்கோரிதம் எழுதுறது நான்."