கம்பளியாரின் ரத்தமும் லாட்ஜ் நாய் மணியும்

கொடைக்கானலில் கம்பளியாரைப் போலத் தும்ம இன்னொருவர் பிறக்கவில்லை. நாயுடுபுரத்தில் அவர் தும்மினால் ஏரியில் படகு ஆடும்.

லாட்ஜ் ஒன்றில் ரூம்களைக் கவனித்துக்கொண்டவர். மூன்று கம்பளிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தித்தான் நடப்பார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நான் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த லேபின் ஃபாரத்திலும் 'கம்பளி' என்றே எழுதினார்.

தும்மலுக்குக் காரணம் லாட்ஜ் நாய் மணிதான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை ஜீப்பில் ஏற்றித் தாண்டிக்குடி எஸ்டேட்டுக்கு அனுப்பப் போகிறாராம். டாக்டரோ நாய்க்கும், போர்வைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்கும் சேர்த்து அலர்ஜி டெஸ்ட் எழுதியிருந்தார். கம்பளியார் சீட்டோடு வந்தார். நாயோடும் வந்தார்.

"நாய் எதுக்குய்யா இங்க?" கத்தினேன்.

"பக்கத்துல இருந்தாத்தானே சார் ரத்தத்துல சரியா தெரியும்? குளிப்பாட்டித்தான் கூட்டியாந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா ஸ்டோர் ரூம்ல பழைய கம்பளிக் குவியல்ல படுத்தேன். பூச்சி நெறைய ஏறியிருக்கும். பழி பூச்சி மேல போனா மணியை அனுப்ப மாட்டாங்க."

"ரத்தத்துல பூச்சி ஏறாதுய்யா! அந்தப் பூச்சி ஆகாதுன்னு உங்க உடம்பு ரொம்ப நாளா ஒரு ஆயுதம் செஞ்சு வச்சிருக்கும். அது எவ்வளவு கெடக்குன்னுதான் பாக்குறோம். நாய்க்குத் தனியா, பூச்சிக்குத் தனியா."

"காலையில தும்மல் மாத்திரை போட்டேனே, டெஸ்ட் கெட்டுப்போச்சா?"

"தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட்டுக்குத்தான் அது ஆகாது. கம்பளியைக் கழட்டிட்டுக் கையை நீட்டுங்க!"

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. தூசிப்பூச்சிக்கு எண் ஏறிக் கிடந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை. கம்பளியார் மணியைத் தோளில் தூக்கிக்கொண்டு லேபுக்குள்ளேயே ஆடினார்.

"ஆடாதீங்க. எண்ணை மட்டும் பாத்து முடிவு கட்டக் கூடாது. தொல்லை எப்ப வருதுன்னு டாக்டர் கேக்கணும்."

டாக்டர் கேட்டார்.

"வெள்ளனே எந்திரிச்சுக் கம்பளியை உதறையிலதாங்க."

டாக்டர் அந்த மூன்று கம்பளிகளையும் பார்த்தார். போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் அலசச் சொன்னார். மணி தாண்டிக்குடிக்குப் போகவில்லை.

மறுவாரம் என் மேசையில் ஒரு கம்பளி இருந்தது. சோப்பு வாசனை ஆளைத் தூக்கியது. "சுடுதண்ணில அலசுனது சார். தும்மாமப் போத்திக்கங்க." இதெல்லாம் எதுக்கு என்று திட்டித்தான் அனுப்பினேன்.

இப்போது நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். இந்த வெக்கையில் கம்பளிக்கு வேலையே இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை சுடுதண்ணீரில் அலசிக் காயப்போடுகிறேன்.