அனுமதி பெற்று இடும் கோழி

காகிதத்தை ஒழித்தே தீருவது என்று நாமக்கல்லில் ஓர் அலுவலகம் முடிவெடுத்தது. பிள்ளைகள் சேர்த்தும் மாற்றியும் விளையாடுகிற அட்டை விளையாட்டு இனிமேல் கைபேசியில் மட்டுமே இருக்கவேண்டும், மாவட்டத்தின் பெருமையும் அதில் விளங்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்த ஆணையைப் பதினாறு பக்கத்தில் அச்சடித்து, எல்லாப் பள்ளிக்கும் மும்மூன்று நகல் அனுப்பினார்கள்.

அட்டைகளை வடிவமைக்கும் வேலை தனப்பிரியாவுக்குக் கிடைத்தது. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் ஒரு கோழியைப் படைத்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு முட்டையிடும். அந்த முட்டையும் ஓர் அட்டை. மூன்றாம் சுற்றில் அது பொரிந்து, தானும் முட்டையிடும். காகிதக் கோழி வாங்கின அன்றைக்கு எப்படியோ அப்படியேதான் கடைசிவரை கிடக்கும், நம் கோழியோ பெருகும் என்று அவளுக்கு ஒரே பெருமை. பெற்ற பிள்ளையைப் போல அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

கண்காணிப்பாளர் கந்தப்பன் கோழியைப் பார்த்து மகிழ்ந்தார். மகிழ்ந்துவிட்டு, ஒவ்வொரு அட்டைக்கும் கோப்பில் ஒரு காகித நகல் வேண்டும் என்றார்.

"சார், இது போன்ல மட்டுந்தானுங்க இருக்கும்."

"இருக்கட்டும் சாமி, ஆரு வேண்டாங்கறா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா எதைக் காட்டறது?"

வெள்ளோட்டம் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டாயிரத்து முந்நூறு முட்டை. ஒவ்வொன்றும் அச்சாகி, வரிசை எண்ணும் கையொப்பமும் போட்டு, முத்திரை குத்தப்பட்டது. குத்திய ராசாத்தியம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மறுநாள் கூடிய உயர்மட்டக் குழு, கோழியின் செயல்பாடு பீரோவின் கொள்ளளவுக்கு அப்பாற்பட்டது எனக் கண்டறிந்தது. ஆகவே கோழி இனி முன் அனுமதி பெற்றே முட்டையிட வேண்டும். விண்ணப்பங்கள் செவ்வாய், வெள்ளி மட்டும்.

தனப்பிரியா குழுவிடமே போனாள். இதற்குக் காகிதக் கோழியே தேவலை என்று சண்டை போட்டாள். சம்மதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் விளையாட்டே ரத்து என்றார்கள். போட்டாள். அன்றிலிருந்து கைபேசிக்குள் கோழி 'பரிசீலனையில்' என்ற பலகையின் கீழே நிற்கிறது. ஒரு பிள்ளையும் அதை ஆடவில்லை.

அச்சடித்த முட்டைகளை என்ன செய்வது? இடம் அடைக்கிறதே என்று பள்ளிகளுக்குப் பங்கு வைத்து அனுப்பிவிட்டார்கள். முத்திரை, வரிசை எண், கையொப்பம் மூன்றையும் ஒரே காகிதத்தில் கண்ட பெற்றோர் சும்மா இருப்பார்களா? ஏதோ ஒதுக்கீட்டுக்கு ஆகுமாம் என்று யாரோ கிளப்பிவிட, முட்டை கிடைக்காதவர்கள் நகலுக்கு அலைந்தார்கள். விடுதிப் பள்ளி ஒன்று முட்டைக்கென்றே சிறப்பு வகுப்புத் தொடங்கியது. ஊருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தனப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள், தன் மகளின் பள்ளியில் முட்டை கேட்கும் வரைக்கும்.

திங்கட்கிழமை அவளும் அலுவலகத்துக்குப் போய் நகல் கேட்கும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கைபேசியைத் திறந்து நீட்டினாள்.

"இதானுங்க சார் ஒரிஜினல். நாந்தான் பண்ணுனேன். உங்களுக்கே தெரியுமில்லீங்க?"

கந்தப்பனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. "தெரியுஞ் சாமி. ஆனா போன்ல இருக்கறது செல்லாதுங்க. முத்திரை வெச்ச முட்டையோட ஜெராக்ஸ் ஒண்ணு கொண்டாங்க, அதைப் பார்த்து நகல் தாரேன்."

அவள் கைபேசியை மூடினாள். பின்னால், இரண்டாவது பிள்ளைக்கும் ஒரு நகல் வாங்க வந்திருந்த லாரிக்காரரிடம் திரும்பினாள்.

"ஏனுங்ணா, உங்க முட்டையக் கொஞ்சம் குடுங்க. ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு இப்பவே தந்தர்றனுங்க."