பேசும் தட்டுக்கு ஒரு நாற்காலி

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அத்தையும் நலம். இந்த இரண்டாவது நலம் உன் புண்ணியம் என்பதால் அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு கருவிகளும், அந்தப் பேசும் தட்டும் கழிப்பறைக்குப் போவதை எண்ணும் கருவியும், வந்து மூன்று மாதமாகிறது. மறதி நோய் வந்தவர்களுக்குத் தாகமும் மறந்துபோகும், தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி வரும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். போன முறை கிருமி வந்து புத்தி தடுமாறியபோது உன் அத்தை என்னை மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து மூன்று நாள் வாசலிலேயே நிறுத்தினாளே, அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. ஆனால் தட்டில் வைத்த டம்ளரை ஒரு மணி நேரம் எடுக்காவிட்டால் அது உன் குரலில், "அத்தை, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்கிறதே, அங்கேதான் வம்பு. "வந்த பொண்ணை நிக்க வெச்சே பேசுறீங்களே, உக்காரச் சொல்லுங்க" என்று உன் அத்தை என்னை எழுப்பிவிட்டாள். ஹாலில் இருப்பதே இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள், ஒன்றில் தட்டு, நான் நிற்கிறேன். அதோடு விட்டாளா, வந்தவளுக்குக் கொடுக்காமல் தான் குடிக்கமாட்டாளாம், இன்னொரு டம்ளரில் ஊற்றி நாற்காலிக்கு நீட்டுகிறாள், நாற்காலி குடிக்காது, அவள் திரும்பும் நேரம் பார்த்து நான் குடிக்கிறேன், மணிக்கொரு டம்ளர், குடித்தால் போகத்தானே வேண்டும், கழிப்பறைக் கதவில் ஒட்டிய உன் கருவிக்குப் போவது யாரென்று தெரியுமா, ஒரே நாளில் பத்தொன்பது தடவை என்று எண்ணி, மறுபடி கிருமிதான் என்று, அத்தையைப் பார்க்க வரும் நர்ஸம்மாவின் போனுக்கு அவசரச் செய்தி அனுப்பிவிட்டது. அவர் அடித்துப் பிடித்து ஓடிவந்து உன் அத்தைக்குப் பரிசோதனை செய்தார். கிருமி இல்லை. "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. ஐயா, நீங்கதான் கொஞ்சம் அடக்கி வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே ஒரு விண்ணப்பம். உன் குரலை எடுத்துவிட்டு என் குரலைப் போட்டுக் கொடு. நாற்பது வருஷமாகச் சொல்கிறவனுக்கு இந்த வீட்டில் யாரும் நாற்காலி போடமாட்டார்கள்.

நீயும் என் மகனும் வேளைக்குத் தண்ணீர் குடித்து நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் உன் அத்தை டம்ளரைத் தொடவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு எங்க, சாப்பிட்டாளா?" என்கிறாள். நீ இந்த வீட்டில் இருந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் உன்னை அப்படிக் கேட்டதில்லை. அது தப்பென்று தெரிந்தும் நான் வாய் திறந்ததில்லை. மேலே கேட்டதை அடித்துவிடு. உன் குரலே இருக்கட்டும் அம்மா, நான் நின்றுகொள்கிறேன்.