இரண்டு துரைகளின் நாக்குக்கு ஒரு பெயர்

பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க அறிவு வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தால் போதும், வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்து வைத்துவிடுவார்கள். என் மூத்த மகன் பிறந்தபோது எனக்கு அது தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசை கொஞ்சம் நீளம். முதல் ஆள் நான்தான்.

முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்து நாலு. துடியலூரிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வருவேன். பள்ளிக்கூடப் படிப்பை முடித்து இங்கிலீஷும் கொஞ்சம் பேச வந்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பு. மில்லின் மேனேஜர் ஒரு இங்கிலீஷ்காரர். என் பெயர் பழனியப்பன். அவர் முதல் நாளே என்னை ‘பென்னி’ என்று கூப்பிட்டார். மூன்று வருஷம் அப்படியே கூப்பிட்டார். நாக்கு திரும்பாத மனிதர் என்று மன்னித்திருப்பேன். ஆனால் ஊட்டிப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளின் பெயரெல்லாம், அவற்றின் அப்பன் பெயர் உட்பட, அவருக்கு மனப்பாடம். (எனக்கு நாலு கால் இல்லாதது ஒரு குறை.) ஒவ்வொரு தடவை அவர் ‘பென்னி’ என்றபோதும் வயிறு எரியும். எரிந்துகொண்டே ‘எஸ் சார்’ என்று ஓடுவேன்.

அந்தச் சமயத்தில் ஸ்பெயின் தேசத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நூலை மெல்லிசாக இழுக்க ஏதோ புதுச் சாதனம் வாங்கியிருந்தார்கள், அதைப் பூட்டிக் கொடுப்பது அவர் வேலை. நல்ல மனிதர். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒரே அளவுக்கு நொண்டி என்பதால் சீக்கிரம் சிநேகமாகிவிட்டோம். கெட்டிக்காரப் பையன் யாராவது இருந்தால் பிற்காலத்தில் ஸ்பெயினுக்கு அழைத்து வேலை கற்றுக்கொடுப்பார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். கெட்டிக்காரப் பையனை அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். அவன் பிறந்து அப்போது பத்து நாள்.

என் மனைவி தெய்வானை பிரசவத்துக்குத் திருச்செங்கோட்டில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் பிள்ளையோடு எங்கள் ஊருக்கு வந்த பிறகு பெயர் வைப்பதாக ஏற்பாடு. எனக்கு அவகாசம் தாராளமாக இருந்தது. என் மகனை ஒருவனும் ‘பென்னி’ என்று கூப்பிடக்கூடாது. இங்கிலீஷ்காரன் வாயிலும் ஸ்பெயின்காரன் வாயிலும் உடையாமல் வருகிற பெயராகத் தேடிப் பிடிப்பேன் என்று சபதம் எடுத்தேன்.

தினமும் ஒரு துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பெயர்களை எழுதி, சாப்பாட்டு வேளையில் மெக்கானிக்கிடம் நீட்டுவேன். ஜகந்நாதன் என்பதை ‘ஹகந்நாதன்’ என்று படித்தார். அவர்கள் பாஷையில் ஜ என்றால் ஹ-வாம். சரி, ஹ வருகிறதே என்று ஹரி என்று எழுதினேன். ‘அரி’ என்றார். ஹ எழுதினால் அதைச் சொல்ல மாட்டார்களாம். இல்லாத இடத்தில் ஹ வருகிறது, இருக்கிற இடத்தில் காணோம். வ அவருக்கு ப ஆகிவிடும். ரவி ‘ரபி’ ஆனான். வாசு ‘பாசு’ ஆனான்.

ஒருநாள் துணிந்து மேனேஜரிடமே யோசனை கேட்டேன்.

“டாம் என்று வை, பென்னி. என் நாய்க்கு அதுதான். எங்கிருந்து கூப்பிட்டாலும் ஓடிவரும்” என்றார்.

கோபத்தில் காது சிவந்தது. ஆனாலும் மேஜைக்கு வந்து பட்டியலில் டாம் என்று எழுதிக்கொண்டேன். (ஆமாம், எழுதினேன். இதை இதுவரை தெய்வானையிடம் சொன்னதில்லை.)

கடைசியில் ராமன் கிடைத்தான். மெக்கானிக் படித்ததும் முகம் மலர்ந்து, “ரமோன், என் தகப்பனார் பெயர்” என்றார். மேனேஜர் “ரேமண்ட் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் வைக்கும் நாளுக்கு மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோதுதான் வெடித்தது. அவர் பெயர் வேலுசாமி. எங்கள் வழக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தன் பெயர்.

“என்ற பேருக்கு என்னடா கொறச்சல்?” என்றார்.

“ஒண்ணும் இல்லீங்கப்பா. வெளிநாட்டுல கூப்பிடறதுக்குச் சிரமமுங்க.”

“அவன் எதுக்குடா என்ற பேரனைக் கூப்பிடறான்?”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா தன் பாட்டுக்கு வேலுசாமி என்று சொந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். நான் என் பாட்டுக்கு ராமன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தது. வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். கிழக்கு பார்த்துத் தொட்டில். மெக்கானிக் வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் ராமன் என்று ஆரம்பித்தேன். அப்பா எழுந்தார். நான் பிள்ளையைப் பெற்றவன் என்றேன், உன்னையே பெற்றவன் நான் என்றார் அவர். எனக்கும் குரல் ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் அப்பாவை எதிர்த்துக் கத்தினேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பாவம், மெக்கானிக் சண்டையை நிறுத்த நினைத்தார். அப்பாவை மரியாதையாகப் பெயர் சொல்லி வணங்கட்டும் என்று, வழியில் நானே ஒரு சீட்டில் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். நாள் தவறாமல் அவருடைய நாக்கைப் பரீட்சை பார்த்தவன், அதை எழுதும்போது ஒரு விநாடி யோசித்திருக்கலாம். அவர் சீட்டைப் பார்த்தார், அப்பா முன்னால் போய்க் கைகூப்பினார், வாசல் முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“பேலுசாமி.”

பேலுவது என்றால் எங்கள் பக்கத்தில், காலையில் சொம்பு எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போகிற காரியம்.

சத்தம் அப்படியே அடங்கியது. ஏதோ சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்து அவர் மறுபடியும் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

“அவங்க பாசையில வ இல்லீங்கப்பா, வ-வைப் ப-ன்னுதான் சொல்லுவாங்க” என்றேன்.

அப்பா தோள் துண்டை உருவினார். “வ இல்லாத ஊருக்காடா என்ற பேரனை அனுப்பப் பாக்கறே?”

அப்போதுதான் தெய்வானை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். மூன்று மாதமாக அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே நான் இரண்டடி பின்னால் போனேன்.

“ஏனுங்க, மேனேஜர் கூப்பிடோணும், மிசின்காரர் கூப்பிடோணும். பெத்தவ கூப்பிட வேண்டாமுங்களா?” என்று என்னைக் கேட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். “மாமனுங்க பேரை நான் வாயில சொல்ல முடியாதுங்க. அந்தப் பேரை வெச்சா என்ற புள்ளைய ஆயுசுக்கும் ‘டேய்’னுதானுங்க கூப்பிடோணும்.”

மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்ற வழக்கம் எனக்கோ அப்பாவுக்கோ அதுவரை உறைக்கவே இல்லை.

“செங்கோட்டுச் சாமி பேரு. அர்த்தநாரீஸ்வரன். எந்தத் துரையும் சொல்லித் தொலைய வேண்டாம்” என்று அவளே பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள்.

அப்பா தொட்டிலை எட்டிப் பார்த்தார். பிறகு, “அம்மணி சொல்றதே இருக்கட்டும். இந்தப் பயல் வெக்கற பேரு இல்லாம எதா இருந்தாலுஞ் சரி” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

மறுநாள் ஆபீசில் கல்கண்டு கொடுத்தேன். மேனேஜர் பெயர் கேட்டார். முழுசாகச் சொன்னேன், வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி. அவர் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, “ஓ, ஆர்தர்” என்றார். பக்கத்தில் நின்ற மெக்கானிக் தலையசைத்து, “எங்கள் ஊரில் ஆர்த்துரோ” என்றார்.

இரண்டு பாஷையிலும் வருகிற பெயர். நான் இரண்டு மாதம் தேடி ஒரு வீட்டையே உடைத்த பெயர். சந்தோஷப்பட வேண்டிய நான், “ஆர்தர் இல்லை சார், அர்த்தநாரீஸ்வரன்” என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, அவள் வைத்த பெயர் இரண்டு துரைகள் வாயிலும் வந்துவிட்டதைத் தெய்வானையிடம் சொன்னேன். நாலு நாள் எனக்குச் சோறு போட்ட கை மட்டும்தான் தெரிந்தது, குரல் வரவில்லை.

அர்த்தநாரி ஸ்பெயினுக்கும் போகவில்லை, மில்லுக்கும் போகவில்லை. பெருந்துறையில் பஞ்சு வியாபாரம் பார்க்கிறான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். எதற்கும் என்னைப் பெயர் கேட்டதில்லை. போன மாதம் கடைசிப் பேரனுக்குப் பெயர் வைத்தார்கள். விடிந்ததும் என்னை மேட்டுப்பாளையத்துக்கு வாழையிலை வாங்கிவர அனுப்பினார்கள். “தாத்தன் பஸ் ஏறியாச்சுங்களா?” என்று கேட்டு, ஏறியாச்சு என்ற பிறகுதான் தொட்டிலையே வெளியில் எடுத்தார்களாம். எங்கள் தோட்டத்தில் அறுபது வாழை நிற்கிறது.